அமாவாசையில் அடித்த தாமான் பலகை

ஏழுமலை கண்ணு,

உன் கல்யாணப் பத்திரிகை மாதிரியும் அதோடு மடித்து வைத்திருந்த மனை விற்கிற காகிதங்களும் ஒரே கவரில் வந்து சேர்ந்தன. பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். மற்ற காகிதங்களை வைக்க இந்த வீட்டில் எனக்கு இடம் தெரியவில்லை. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறாய். அம்மா படிக்காதவள், தடுமாறுவாள் என்று நினைத்திருப்பாய். ஐந்தாவது வரைக்கும் படித்தவள்தான் நான், இல்லை என்று சொல்லவில்லை. எதில் கையெழுத்துப் போடக்கூடாது என்று தெரிந்துகொள்ள அந்தப் படிப்பே போதும்.

போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசுகிறாய், எனக்கு அழுகை வந்துவிடுகிறது, கோபம் பாதியிலேயே கரைந்து போகிறது. இந்தத் தடவை கரைய விடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மகள் பிழை திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம், பிழையோடு போகட்டும் என்றேன். இதை மறைத்து எழுதவும் இல்லை. தெருவில் யார் கேட்டாலும் படித்துக் காட்டப் போகிறேன். வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் இந்த ஊரில் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

முதலில் ஆடி அமாவாசை அன்றைக்கு நடந்ததைச் சொல்லுகிறேன். போனில் பாதிதான் சொன்னேன். அதற்குள் நீ "சின்ன விஷயத்தைப் பெருசு பண்றே" என்றுவிட்டாய்.

உன் நைனா மாசியில் போனார். அவருக்கு வந்த முதல் ஆடி அமாவாசை அது. விடியும்போதே குளித்து ஈரத்தலையோடு சமைத்தேன். வாழைக்காய்ப் பொரியல், அகத்திக்கீரை, வடை, அவருக்குப் பிடித்த மாதிரி வெல்லம் தூக்கலாகப் பாயசம். எல்லாவற்றையும் இலையில் வைத்துப் பின்னால் நம் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். வீட்டு மாடிச் சுவரில் வைக்கலாம்தான். ஆனால் அவர் நின்ற இடம் மேற்குக் கடைசிப் புங்கமரம். தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற நாளெல்லாம் அந்த மரத்தடியில்தான் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆகையால் சோற்றை அங்கேயே வைப்போம் என்று போனேன். இலையை வைத்து, தண்ணீர் தெளித்து, கா கா என்று கூப்பிட்டேன். ஒரு காக்கா கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. இறங்கி வரும் நேரம்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் ஒருத்தர் வந்தார். பின்னாலேயே மூன்று ஆட்கள். ஒருத்தன் கையில் அளக்கிற சங்கிலி, ஒருத்தன் கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா, ஒருத்தன் தோளில் பெரிய பலகை. நான் மேற்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. கிழக்குப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு மரமாகச் சிவப்பு வளையம் போட்டுக்கொண்டே வந்தார்கள். நான் இருந்த மரத்திலும் அந்தப் பக்கமாகப் பாதி வளையம் இழுத்துவிட்டார்கள், பலகைக்காரன் அதற்கு மேலே ஆணி வைத்து ஓங்கி அடித்தான். காக்கா பறந்துவிட்டது.

"யாருப்பா அது? இன்னா பண்றீங்க இங்க?" என்று எழுந்தேன்.

மோட்டார் சைக்கிள்காரர் பயந்து போனார். "யாரும்மா நீங்க? ஓனரு சொல்லித்தான் வந்தோம்."

"எந்த ஓனரு?"

"மலேசியாவுல கீறாரே, அவரு. நேத்து ராத்திரி போன் பண்ணாரும்மா. நாளைக்கு அமாவாசை, நெசவுக்காரங்க யாரும் பாவு போட மாட்டாங்க, எடம் காலியா கெடக்கும், பேஜார் இல்லாம ஜல்தியா அளந்துகினு போயிடுங்கன்னாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது ஏழுமலை. இப்போது எழுதும்போதும் எரிகிறது. மனை விற்கிற ஆளுக்கு நம் வழக்கம் தெரியாது. அமாவாசையில் தறியைத் தொடமாட்டோம், பாவு நீட்டமாட்டோம் என்பது வெளியாளுக்கு எப்படித் தெரியும்? நம் வீட்டுக்குள் பிறந்தவனுக்குத்தான் தெரியும். நீ அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாய். தெருவில் யாரும் இல்லாத நாளைப் பார்த்துக் கொடுத்தாய். அமாவாசை நெசவுக்காரனுக்கு லீவு என்பது உனக்கு ஞாபகம் இருந்தது. எதற்காக லீவு என்பது மட்டும் மறந்துபோயிற்று. அன்றைக்குச் செத்தவர்களுக்குச் சோறு வைப்போம். இந்த வருஷம் அந்தச் சோறு உன் நைனாவுக்கு.

அந்த மோட்டார் சைக்கிள்காரரைப் பற்றி நான் தப்பாகச் சொல்லமாட்டேன். இலையைப் பார்த்த உடனே செருப்பைக் கழற்றிவிட்டார். "தெரியாதும்மா, சத்தியமா தெரியாது. வீட்டுக்காரருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குள் சத்தம் கேட்டுக் கன்னியம்மா துடைப்பத்தோடு ஓடி வந்துவிட்டாள். அவள் வாய் உனக்குத் தெரியும்.

"அய்ய, மரத்துக்கெல்லாம் குங்குமம் வெச்சிருக்கீங்களே, சீமந்தமா? எங்களுக்கு வளையல் எங்க?"

"இல்லக்கா, வெட்டறதுக்கு அடையாளம்..."

"வெட்டு. மொதல்ல என்னை வெட்டு. அப்புறம் மரத்துக்குப் போ."

பெயிண்ட்காரப் பையன் சிரித்துவிட்டான். சிரித்ததற்கு அவனுக்கு ஒரு அடி விழுந்தது. அதன் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? அமாவாசை அன்றைக்கு வாசலுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது. நாலு பேருக்கும் இலை போட்டேன். காக்காவுக்கு முன்னால் அவர்கள் சாப்பிட்டார்கள். காக்கா வரவே இல்லை. பாயசத்தைக் குடித்துவிட்டு அந்தப் பையன் மரத்தில் சாய்ந்துகொண்டு சொன்னான், "நெழலு ஜில்லுனு கீதும்மா. எதுக்கு வெட்றாங்க?"

"உங்க ஓனரைக் கேளு கண்ணு" என்றேன்.

அவர்கள் போன பிறகுதான் பலகையைப் படித்தேன். 'தாமான் ஆரணி. தோட்ட வீட்டு மனைகள். செய்யார் கம்பெனி பஸ் நிற்கும் இடம் நடக்கும் தூரம்.' பக்கத்தில் ஒரு தென்னைமரம் வரைந்திருந்தது. நம் இடத்தில் தென்னையே கிடையாது. இருக்கிற புங்கமரத்தில் ஆணி அடித்து, இல்லாத தென்னைமரத்தை மாட்டியிருக்கிறார்கள்.

அந்த வார்த்தையை நீ கொண்டுவந்ததுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. தாமான் என்ற சொல்லை இந்தத் தெருவுக்கு முதலில் சொன்னவன் நீதான். நீ போன புதிதில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு நானும் நைனாவும் போய் வரிசையில் நிற்போம். அட்ரஸ் எழுதிக்கொள் என்று நீ சொல்லச் சொல்ல நைனா எழுதினார். "தாமான்னா இன்னாடா?" என்று கேட்டார். "மலாய் பாஷையில தோட்டம் நைனா. ஆனா இங்க தோட்டம்லாம் இல்ல, வரிசையா வீடுதான். வீட்டு வரிசைக்கு அப்படிப் பேர் வெப்பாங்க" என்றாய். அன்றைக்கே தெளிவாகச் சொன்னாய், நாங்களும் தெளிவாகத்தான் புரிந்துகொண்டோம். வெளியே வந்ததும் நைனா, "தோட்டம் இல்லாத எடத்துக்கு எதுக்குத் தோட்டம்னு பேரு? ஏக்கம் போல கீது" என்றார். அதோடு விட்டுவிட்டோம்.

அப்புறம் நீயே அனுப்பி வைத்தாய் அந்த டீச்சரம்மாவை. உன் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர், தீபாவளிக்கு உனக்குப் பலகாரம் கொடுக்கிறவர், மகளுக்குக் கல்யாணப் பட்டு எடுக்க ஆரணிக்கு வருகிறார், பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினாய். நைனா அப்போது இருந்தார். டீச்சரம்மாவுக்குக் கடையில் புடவை பார்ப்பதைவிட இங்கே பாவு நீட்டுவதைப் பார்க்கத்தான் ஆசை. விடிகாலையில் வந்து புங்கமரத்தடியில் கல்மேல் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பட்டு நூலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, குச்சி செருகி இழை பிரிப்பதை எல்லாம் கண் எடுக்காமல் பார்த்தார். வெயில் ஏறியது. எங்கள் தலைமேல் ஏறவில்லை. "இந்த இடத்துக்கு நீங்க என்ன பேர் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"பேரு இன்னாங்க பேரு, பாவு போடற எடம்" என்றார் நைனா.

டீச்சரம்மா சிரித்தார். "எங்க ஊர்ல இதுக்கு எந்தச் சொல்லு பொருந்தும்னு யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். மலாய்க்காரர்களுக்கும் இந்தோனேசியாக்காரர்களுக்கும் தோட்டத்துக்கு இரண்டு சொல் இருக்கிறதாம். ஒன்று கெபுன். காய், பழம், ரப்பர் என்று பாடுபட்டுப் பலன் எடுக்கிற நிலம் கெபுன். இன்னொன்று தாமான். அது பலன் எடுக்கிற இடம் இல்லை, மனசுக்கு நல்லது என்று உட்கார்ந்து பார்க்கிற இடம். பூ, தண்ணீர், நிழல். ஜாவாத் தீவில் ராஜாக்கள் இருந்த காலத்துப் பழைய எழுத்திலேயே அந்தச் சொல் இருக்கிறதாம். குளம் வெட்டி, நடுவில் மண்டபம் கட்டி, சுற்றிலும் பூமரம் வைத்து ராஜா வீட்டார் காற்று வாங்குகிற இடத்துக்குத் தாமான் என்று பெயராம்.

"எங்கிருந்து வந்த சொல்லுங்க அது? வடநாட்டுச் சொல்லா?" என்று கேட்டார் நைனா. அவருக்கு இந்த மாதிரி பேச்சு என்றால் கை வேலையே ஓடாது.

"வடமொழியில இருந்து அவங்க எத்தனையோ சொல்லு எடுத்துக்கிட்டாங்க ஐயா. இது அப்படி இல்ல, அந்தத் தீவுக்காரங்களோட சொந்தச் சொல்லுன்னுதான் நான் படிச்சது. நடறதுக்கு அவங்க 'தானாம்'னு சொல்வாங்க. அந்தச் சொல்லுக்கும் தாமானுக்கும் உறவுன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு உறுதியாத் தெரியாது. தெரியாததைச் சொல்லக்கூடாது இல்லையா."

"நட்டாத்தானே தோட்டம். உறவு இருக்கட்டுமே, யாருக்கு இன்னா நஷ்டம்" என்றார் நைனா. எல்லோரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு டீச்சரம்மா சிரிக்கவில்லை. அவர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவராம். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்கள். கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்து, அங்கேயே இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து டீச்சர் ஆனாராம். ஒருநாள் முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டான். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். மரத்தை எல்லாம் தள்ளி, மண்ணைச் சமமாக்கி, வரிசையாக வீடு கட்டினார்கள். முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். தாமான் என்று எழுதியிருந்தது.

"தோட்டமா இருந்த வரைக்கும் அதைத் தோட்டம்னு மரியாதையா யாரும் சொல்லல, கூலிக்காரங்க எடம்னு சொன்னாங்க. ஒரு மரம் இல்லாம வெட்டினதுக்கு அப்புறம் ராஜா வீட்டுப் பேரை வெச்சாங்க. இப்போ நான் அந்த வரிசையிலதான் ஒரு வீடு வாங்கிக் குடியிருக்கேன். என் அம்மா பால் எடுத்த மரம் என் சமையல்கட்டு இருக்கிற எடத்துல நின்னிருக்கலாம். உங்க மகன் எனக்கு எதிர்வீடு."

அவர் அழவில்லை. சொல்லிவிட்டு, முந்தானையால் கல்லைத் துடைத்துவிட்டு எழுந்து போய்ப் பாவில் கஞ்சி தடவட்டுமா என்று கேட்டார். கன்னியம்மா, "பட்டுப் பொடவைக்காரியை வேலை வாங்கினேன்னு நாளைக்குச் சொல்லக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தாள்.

இதை எல்லாம் நான் அப்போதே உனக்கு எழுதினேன். நீயும் பதில் எழுதினாய். "டீச்சர் சொன்னதைக் கேட்டு மனசு கஷ்டமாப் போச்சும்மா, இத்தனை நாள் எனக்குத் தெரியாது" என்று எழுதினாய். தெரியாமல் செய்தவனை நான் மன்னித்துவிடுவேன். நீ தெரிந்தே அந்தப் பலகையை இங்கே கொண்டுவந்திருக்கிறாய். அந்த அம்மாவுக்கு அவர்கள் செய்ததை, அவர் கஞ்சி தடவின இடத்துக்கு நீ செய்யப் பார்க்கிறாய். அதே வார்த்தையை வைத்து.

அன்றைக்குச் சாயந்திரம் போனில் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "அது வெறும் பேருமா."

"வெறும் பேருன்னா வேற பேரு வையேன்டா. பொட்டல்னு வை. 'பொட்டல் ஆரணி'ன்னு பலகை அடி. ஒருத்தன் மனை வாங்க வர்றானா பாப்போம்."

"காமெடி பண்ணாதேம்மா."

"நான் பண்றேனா? தென்னைமரம் வரைஞ்சது யாரு?"

நீ போனை வைத்துவிட்டாய். போகட்டும். ஆனால் யோசித்துப் பார். மரத்தின் மேல் ஆசை இருக்கிற மனுஷன்தான் அந்தப் பலகையைப் பார்த்து வருவான். நிழலில் உட்கார வேண்டும், பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று வருவான். அவன் ஆசையைக் காட்டியே அவனிடம் வெயிலை விற்பீர்கள். இதற்கு ஒரு நல்ல பழைய சொல்லைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வைப்பது என்ன நியாயம்? ஏதோ ஒரு தீவில் எவனோ ஒரு மனுஷன் குழி தோண்டிச் செடி வைத்து, தண்ணீர் ஊற்றி, அது பூத்ததைப் பார்த்துச் சந்தோஷத்தில் வைத்த பெயராக இருக்கும் அது. அவன் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவனைப் போல ஒருத்தரை எனக்குத் தெரியும்.

உன் நைனா அந்த மரங்களை எதற்காக நட்டார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் சொல்லுகிறேன், ஏனென்றால் நீ இடம் 'சும்மா கிடக்குது' என்று எழுதியிருக்கிறாய். அப்போதெல்லாம் தெருவில்தான் பாவு நீட்டுவோம். நீ கைக்குழந்தை. ஒருநாள் காலையில் ஓட்டுக் கேட்கிற ஜீப் ஒன்று தெருவுக்குள் வந்துவிட்டது. நூலில் கஞ்சி ஈரம் காயவில்லை, கழற்ற முடியாது. கழற்றினால் இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு பாவே வீணாகும். "ஏய், நூலத் தூக்குய்யா, தலைவரு வர்றாரு" என்று ஜீப்பிலிருந்து கத்தினார்கள். நைனா கையெடுத்துக் கும்பிட்டார். "காய்ஞ்சதும் எடுத்துடறேங்க, கொஞ்சம் பொறுங்க." அவர்கள் பொறுக்கவில்லை. தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மூங்கில் கொடுத்துப் பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தோம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பிடித்தேன். ஜீப் குனிந்து போகிற மாதிரி கீழே போயிற்று. மேலே கட்டியிருந்த கொடிக் கம்பு பாவின் நடுவில் மாட்டி ஒரு பக்கம் முழுதும் இழுத்துக்கொண்டு போயிற்று. தலைவர் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்.

அன்றைக்கே நைனா அறுந்த பாவைச் சுருட்டி வைத்துவிட்டுத் தேவிகாபுரம் பஸ் ஏறினார். அங்கே ஏரிக்கரையில் முளைத்துக் கிடந்த புங்கங்கன்றுகளை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். கண்டக்டர், "செடிக்கும் டிக்கெட் எடுய்யா" என்று கிண்டல் பண்ணினாராம். பின்னால் முள்ளும் கல்லுமாகக் கிடந்த நம் இடத்தைச் சுத்தம் செய்து, பாவுக் கயிற்றையே கொண்டுபோய் நீட்டிப் பிடித்து, அந்த நீளத்துக்கு இரண்டு வரிசையாக நட்டார். கயிறு தொய்யாமல் கட்ட இந்தக் கோடியில் ஒரு மரம், அந்தக் கோடியில் ஒரு மரம். நடுவில் நூல்மேல் வெயில் விழாமல் மற்றவை. இந்த ஊரில் பாவின் நீளத்துக்கு அளந்து தோட்டம் போட்டவர் உன் நைனா ஒருத்தர்தான். பூ பார்க்க நடவில்லை. ஆனால் சித்திரையில் புங்கம்பூ பொரி மாதிரி கொட்டிக் கிடக்கும்போது, அதைக் கூட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார். டீச்சரம்மா தேடின சொல் எதுவென்று எனக்கு இப்போது தெரிகிறது. அது கெபுனும்தான், தாமானும்தான். உழைத்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்தார் அவர். ராஜாவுக்குக்கூட அந்த யோகம் இருந்திருக்காது.

மரம் வளர்ந்ததும் தெருவில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டார். இன்றைக்கும் விடிந்தால் ஏதோ ஒரு வீட்டுப் பாவு அங்கே நீளுகிறது. பத்தும் பலதும் பேசிக்கொண்டு வேலை நடக்கிறது. அதைத்தான் நீ சும்மா கிடக்கிறது என்கிறாய். அமாவாசையில் மட்டும்தான் அது சும்மா கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஆளை அனுப்பினாய்.

அவர் போனதும் அங்கேதான். நீ மூன்றாம் நாள் வந்தாய், அதனால் பார்க்கவில்லை. மேற்கு மரத்தடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "இதைக் கொஞ்சம் கட்டு" என்று என்னிடம் கொடுத்தார். நெஞ்சு வலிக்கிறது என்று முதலில் சொல்லவில்லை. நான் கயிற்றை மரத்தில் சுற்றிக் கட்டிவிட்டுத் திரும்பினேன், உட்கார்ந்திருந்தார். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் கட்டின கயிறு சாயந்திரம் வரைக்கும் அப்படியே இருந்ததாம். கன்னியம்மாதான் பாவைக் கெடாமல் சுருட்டி எடுத்தாள். இப்போது அந்த முனையில் யாரும் நிற்பதில்லை. மரத்தில்தான் கட்டுகிறார்கள். அவர் மரத்தைச் சுற்றிக் கயிற்றைப் பிடித்துப் பிடித்து, வருஷக்கணக்காக உராய்ந்து அந்த மரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தடம் விழுந்திருக்கிறது. விரலை வைத்தால் வழவழவென்று இருக்கும். நான் தினமும் ஒருதரம் போய்த் தொட்டுவிட்டு வருவேன். உன் ஆட்கள் சரியாக அந்தத் தடத்தின் மேலேயே அந்தப் பாதி வளையத்தைப் போட்டுவிட்டார்கள். பள்ளமாக இருந்ததால் பிரஷ் பிடிக்கச் சுலபமாக இருந்ததாம், அந்தப் பையன் சொன்னான்.

உன் பக்கத்து நியாயத்தை நான் யோசிக்காமல் இல்லை. வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடிக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், தையில் நாள் குறித்தாயிற்று. வருகிறவளை வாடகை அறையில் வைக்க முடியாது, நீ அறை எடுத்திருக்கிற வீட்டையே சொந்தமாக வாங்கவேண்டும் என்கிறாய். வாங்கு. யார் வேண்டாம் என்றது? கிணற்றுக்கு அந்தப் பக்கம் மரம் இல்லாத கட்டாந்தரை இருக்கிறது. அதை விற்றுக்கொள், புள்ளி வைக்காத இடத்தில்கூடக் கையெழுத்துப் போடுகிறேன். அது போதாது என்றால் இன்னும் கொஞ்ச நாள் வாடகையில் இருங்கள். நானும் உன் நைனாவும் ஒரு தறி போட்ட அறையில், தறிக்குழிக்குப் பக்கத்தில் பாய் விரித்துத்தான் குடும்பம் நடத்தினோம். உன்னைப் பெற்றுக்கொள்ள அந்த இடம் போதுமானதாக இருந்தது. அவளிடம் இதைச் சொல். மறைக்காதே. நிலத்தை எப்படி விற்றாய் என்று தெரியாமல் ஒரு பெண்ணை அந்த வீட்டுக்குள் கூட்டிப்போகாதே. எதிர்வீட்டில் டீச்சரம்மா இருக்கிறார். அவள் ஒருநாள் கேட்டால் நீ எந்தப் பக்கம் பார்ப்பாய்?

புங்கமரம் இருக்கிற இடத்துக்கு என் கையெழுத்துக் கிடையாது. நான் இருக்கிற வரைக்கும் கிடையாது. நான் போன பிறகு நீ என்ன செய்வாய் என்று கேட்கமாட்டேன். அதற்குப் பதில் உன்னிடமே இருக்கட்டும்.

பலகையை நானும் கன்னியம்மாவும் கழற்றிவிட்டோம். நல்ல பலகை, தூக்கிப்போட மனசு வரவில்லை. பாவுக்குக் கஞ்சி காய்ச்சுகிற அண்டாவுக்கு மூடியாகப் போட்டிருக்கிறோம். தென்னைமரம் அடிப்பக்கம், ஆவி பட்டுப் பட்டு உரிந்துகொண்டிருக்கிறது. காகிதங்களை இதோடு வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். உன் புள்ளியெல்லாம் அப்படியே இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. வந்ததும் ஒரு காலை மேற்கு மரத்தடியில் நில். கயிற்று முனையை நான் உன் கையில் கொடுக்கிறேன், மரத்தில் கட்டாதே, நீயே பிடி. கஞ்சி காயும் வரைக்கும் பிடி. கை வலிக்கும். கன்னியம்மா கிண்டல் பண்ணுவாள், பொறுத்துக்கொள். தை அமாவாசைக்கும் இங்கேயே இரு. அன்றைக்கு இலையை நீ வை. அந்தக் காக்காவை நீ கூப்பிடு. ஆடியிலிருந்து அது இறங்கி வரவில்லை.

மரத்தில் இருக்கிற பெயிண்டை நான் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மற்ற மரங்களில் பட்டையோடு உரிந்து வந்துவிட்டது. அந்தத் தடத்துக்குள் இருப்பது மட்டும் வரவில்லை. அழுத்திச் சுரண்டினால் தடமே போய்விடும் என்று பயந்து விட்டுவிட்டேன். பெயிண்டைக் கரைக்கத் தின்னர் என்று ஏதோ விற்கிறார்களாமே. வரும்போது அதில் ஒரு பாட்டிலும், மெத்தென்று ஒரு துணியும் வாங்கிக்கொண்டு வா.

இப்படிக்கு
உன் அம்மா